சனிக்கிழமைத் தண்ணீர்

அன்புள்ள லெத்தீசியா,

உன் அம்மாவின் அடக்கத்தன்று நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மீதியை நானே சொல்லிவிடுகிறேன்.

இருபது வருடமாக ரோமில் ஒரே காபிக் கடையில் உட்கார்ந்து கடவுளைப் பற்றிச் சண்டை போட்டோம். "உன் மாதாவே யூதப் பொம்பளதாண்டி, எங்க வீட்டுப் பொண்ணு," என்று நீ சீண்டுவாய். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நம்பித்தான், நான் நர்ஸாக இருக்கும் வார்டில் உன் அம்மாவை விட்டுவிட்டு நீ ஃப்ளோரன்சுக்குப் போனாய். உனக்காக அவர் கட்டிலுக்கு மேலிருந்த சிலுவையைக்கூடக் கழற்றி வைத்தேன். அதை மறந்துவிடாதே.

சனிக்கிழமை காலையிலேயே அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை உங்கள் ஓய்வுநாள், அன்று நீ போனைத் தொடமாட்டாய் என்பதால் நான் கூப்பிடவில்லை. உயிர் போகிற அவசரமென்றால் தொடலாம் என்று நீ எப்போதோ சொன்னது சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது.

அவரை நரகத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. டம்ளரில் தண்ணீர் எடுத்து, நெற்றியில் ஊற்றி, ஞானஸ்நானம் கொடுத்தேன். "வேணாம்டி, நான் பொறந்தபடியே போயிடறேன்," என்றார். முகத்தைத் திருப்பிக்கொள்ள அவருக்குத் தெம்பில்லை. மரியா என்று பெயர் வைத்திருக்கிறேன். மாதாமாதம் அந்தப் பெயரில் பூசை உண்டு, நீயும் வரலாம்.

கடைசியாக, "எம் பொண்ணக் கூப்பிட்டியா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டேம்மா, ரயில்ல வந்துட்டிருக்கா," என்றேன். அதன்பிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது பொய்தான். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கிடைத்துவிட்டது.

என்றும் மாறாத,
உன் தோழி