பொட்டு வைத்த கேன்கள்

உன் சாவுக்கு உன் கவனக்குறைவே காரணம் என்று எழுதினார்களே, அது பொய். பெயர் ஒட்டாத கேனில் ஆசிட் கொடுத்தவர்கள்தான் காரணம். இன்று காலை சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். அந்த நெடி ஏறியதும் உன்னிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் முலாம் பூசும் பட்டறைக்கு ஆசிட் பெரிய டிரம்மில் வரும். அதன்மேல் பெயர் இருக்கும். கையை அரிக்கும் படமும் இருக்கும். ஸ்டோரில் அதை வெள்ளைக் கேன்களில் ஊற்றி உள்ளே அனுப்புவார்கள். தண்ணீருக்கும் அதே வெள்ளைக் கேன்தான். கேனில் ஒட்ட நான் ஸ்டிக்கர் கேட்டதற்கு சூப்பர்வைசர், "மோந்து பாத்தா தெரியாதா பெருசு?" என்றான். தொட்டிகளின் ஆவியில் நம் மூக்கு மரத்துப்போய் எவ்வளவு காலம் ஆகியிருந்தது. நீதான் ஆசிட் கேன்களுக்கு மட்டும் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்தாய். அதுவே நமக்குச் சட்டமாயிற்று.

ஆயுத பூசை அன்று மிஷின், தராசு, வாளி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாய்.

"கேனுக்கு இன்னாத்துக்குயா பொட்டு? கண்ணாலமா பண்ணப் போற?" என்றேன்.

"அதுவும் நம்மளோட உழைக்குதுல்லா? தண்ணிக் கேன் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாய். இருவரும் சிரித்தோம்.

மறுநாள், உடைத்த பூசணிக்காயின் கறை போகத் தரையில் பிளீச்சிங் பவுடர் தூவினாய். கழுவிவிடக் கைக்கு எட்டிய கேனைக் கவிழ்த்தாய். எல்லாக் கேனிலும் சிவப்புப் பொட்டு இருந்தது. உன் அடையாளம் அதில் மறைந்துபோயிருந்தது. பவுடரில் ஆசிட் பட்டு மஞ்சளும் பச்சையுமாக விஷப்புகை எழுந்தது. வெளியே இழுத்துப்போட்டபோது, "அது தண்ணி இல்லையா?" என்று கேட்டாய். அதன்பிறகு நீ பேசவில்லை.

"பொட்டு வச்சதே அவர்தானே" என்கிறார்கள் பட்டறையில். கவனக்குறைவே காரணம் என்று எழுதிய காகிதத்தில் என்னிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்கள். மறுத்தேன். வேலை போயிற்று. பென்னலூரில் வீட்டோடு இருக்கிறேன்.

ரசாயனங்களுக்குப் பெயர் ஒட்டச் சொல்லும், நாடு முழுவதற்குமான புதிய விதி இன்னும் வரைவாகவே கிடக்கிறது என்கிறார்கள். அரசு அதைச் சட்டமாக்க வேண்டும். விற்பவன் டிரம்மோடு கேனுக்கும் சேர்த்து ஸ்டிக்கர் தர வேண்டும், தமிழிலும் இந்தியிலும் படத்தோடு. ஸ்டோர்க்காரன் ஒட்டிய பிறகே ஊற்ற வேண்டும். சோதனைக்கு வரும் அதிகாரி ஆபீஸ் அறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பாமல், தொட்டிப் பக்கம் வந்து கேனைத் தூக்கிப் பார்க்க வேண்டும். முதலாளி அந்தக் காகிதத்தில் உன் பெயருக்கு எதிரே உள்ள கவனக்குறைவு என்ற சொல்லை அடிக்க வேண்டும். அதுவரை, கையெழுத்துப் போடாமல், நான் உயிரோடு இருக்க வேண்டும்.