சென்சார் மேல் பழி

ஜூலை 7, திங்கள்
கிளெனிஸ் காரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டினேன். எஞ்சின் விடும் புகையில் காற்று அதிகமாக இருக்கிறது என்கிறது ஆக்சிஜன் சென்சார். சென்சார் கெட்டுவிட்டது, வேறென்ன? புதிது மாட்டினேன். விளக்கு அணைந்தது. கட்டிய மனைவியிடம் கொஞ்சம் பெருமை காட்டினால் தப்பா?

ஜூலை 9, புதன்
எரிகிறது.

ஜூலை 10, வியாழன்
இன்னொரு சென்சார். "காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு சத்தம் வருது நெவில்," என்றாள். மெக்கானிக் எனக்கே சத்தத்தைப் பற்றிப் பாடம்! மாலையில் அவள் வேலை முடிந்து என் பட்டறைக்கு ஓட்டிவந்தபோது எஞ்சின் மூடியைத் திறந்து கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. சொன்னேன். சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

ஜூலை 14, திங்கள்
மறுபடி விளக்கு. வெள்ளிக்கிழமை அவள் அடிலெய்டு போயாக வேண்டும். மகள் டெஸ்ஸுக்கு இது பிரசவ மாதம். எங்கள் ஊர் ப்ரோக்கன் ஹில்லிலிருந்து ஆறு மணி நேரம் வெறும் பாலைச் சாலை. "வியாழன் வரைக்கும் பாப்பேன். அப்புறம் டுஷ்கோகிட்ட விட்டுருவேன்," என்றாள்.
டுஷ்கோ எதிர்ப்பட்டறைக்காரன். நெவில் பெண்டாட்டியின் கார் அவன் வாசலில் நின்றால் கிளப்பில் வருஷம் முழுக்க என் தலைதான் உருளும்.

ஜூலை 16, புதன்
வயர், பெட்ரோல் அழுத்தம், எல்லாம் சரி. மூன்றாவது சென்சாரும் அதையே சொல்கிறது. மூன்றும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லுமா? அப்படியானால் பொய் யாரிடம்?

ஜூலை 17, வியாழன்
தினமும் அவள் எழும் முன்பே பட்டறைக்குப் போய்விடுவேன். இன்று அயர்ந்து தூங்கிவிட்டேன். ஜூலை இங்கே நடுக்குளிர்காலம்; வெளியே உறைபனி. கிளெனிஸ் காரைக் கிளப்பினாள். டிக் டிக் டிக்.
கம்பளிச் செருப்போடு ஓடினேன். எஞ்சினோடு புகைக்குழாய் சேருமிடத்து வார்ப்பிரும்பில் மயிரிழை விரிசல். குளிரில் திறந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, சூடேறினால் மூடிக்கொள்கிறது. மாலையில் என்னிடம் வரும்போது அது யோக்கியன். சென்சார் பாவம், உள்ளதைச் சொல்லியிருக்கிறது.
"கேக்குதா?"
"கேக்குது."
"நான் சொன்னப்ப கேக்கல."
வார்ப்பிரும்பைப் பற்றவைக்கத் தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான். டுஷ்கோ. கழற்றி, துண்டில் சுற்றி, ரோட்டைத் தாண்டினேன். பாதி ஊர் பார்த்தது. கூலி வேண்டாம், ஒரு பெட்டி பீர் போதும் என்றான். பிறகு கேட்டான்: "காலைல சத்தம் வந்திருக்குமே, வீட்ல யாரும் சொல்லலையா?"
"சொன்னா," என்றேன். வெட்கமாக இருந்தது.

ஜூலை 18, வெள்ளி
பற்றவைத்ததை ராத்திரியே மாட்டிவிட்டேன். விளக்கு எரியவில்லை. பெட்டியை ஏற்றிவிட்டு, பின்சக்கரத்தில் ஏதோ உரசுகிறது என்றாள். பனிப்புல்லில் மல்லாந்து படுத்து, அவளை மெதுவாக உருட்டச் சொன்னேன். உரசியது. சின்னக் கல்.