மஞ்சள் பூசிய பத்துப் பவுண் தாள்

கோபிக்கத் தெரியாத என் பெரியண்ணைக்கு,

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில், உங்கள் படத்துக்குக் கீழே, "அண்ணனும் நானும் ஒருநாளும் முகம் கோணிப் பேசியதில்லை" என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். அதை வாசித்துவிட்டு இங்கே கனடாவில், ரெக்ஸ்டேலில் எத்தனை பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள் தெரியுமா? நானும் சேர்ந்து அழுதேன். அச்சில் பார்த்த பிறகு எனக்கே அது உண்மைபோல் இருந்தது. என் மனைவி பத்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் வாய் திறக்கவில்லை.

இப்போது ஆண்டு மலருக்கும் எழுதித் தா என்று கேட்டு நிற்கிறார்கள். இந்த முறை நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன், அண்ணை. வாசிக்கிறவர்கள் என்னவும் நினைக்கட்டும்.

அதற்கு முதல் வீட்டுச் செய்தி. எங்களுக்கு லாண்டட், இங்கே நிரந்தரமாக இருப்பதற்கான அனுமதி, கிடைத்துவிட்டது. அந்தப் பேப்பர் இல்லாதபடியால்தான் உங்கள் செத்தவீட்டுக்கு லண்டன் வரமுடியாமல் போனது. இனி வந்து என்ன, வராமல் என்ன? நான் இப்போது விமான நிலையத்துக்கு உணவு கட்டும் இடத்தில் வேலை செய்கிறேன். என் மகள், உங்கள் பெறாமகள் சுகி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்தாலும் இங்கிலிஷ்தான். "பெரியப்பா எங்கை?" என்று மட்டும் தமிழில் கேட்கிறாள்.

நான் லண்டனை விட்டுக் கனடாவுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு சித்திரை வருடப்பிறப்புக்கும் உங்கள் கைவிசேஷம் தபாலில் வந்துவிடும். ஒரு பத்துப் பவுண் தாள், அதைச் சுற்றி ஒரு வெற்றிலை. வெற்றிலை இங்கே வந்துசேரும்போது சருகாய் நொறுங்கியிருக்கும். மூத்தவர் கையால் வாங்கும் அந்தக் காசை எங்கள் ஆட்கள் செலவழிப்பதில்லை. வருடம் முழுக்கக் கையில் காசு தங்கவேண்டும் என்று பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். நாங்களும் அப்படியே வைத்தோம்.

போன வருடச் சித்திரைக்கு வந்தது வேறு மாதிரியான தாள். பழையது, அளவில் பெரியது, பின்பக்கம் தாதிப் பெண்ணின் படம் போட்டது. லண்டனில் அந்தத் தாளை நிறுத்திவிட்டார்கள், இப்போது கடைகளில் வாங்கமாட்டார்கள் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். போதாக்குறைக்கு ஒரு மூலையில் மங்கிய கறை. அந்தக் கிழமைதான் என்னை முந்திய வேலையால் நிற்பாட்டியிருந்தார்கள். வருடம் பிறக்கிற நேரம் செல்லாத காசு கைக்கு வந்தால் அந்த வருடம் எப்படி விளங்கும் என்று எனக்குத் தலைக்குள் ஏறிவிட்டது. "ஏதோ மாறி வைச்சிருப்பார், விடுங்கோ" என்றாள் பத்மா. நான் விட்டேனா? என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

ரெலிபோனை எடுத்தேன்.

"அண்ணை, உது என்ன அனுப்பியிருக்கிறியள்?"

"கைவிசேஷமடா. ஏன், கிடைக்கேல்லையோ?"

"கிடைச்சது. செல்லாத தாள். ஊத்தையும் பிரண்டு கிடக்கு. குடுக்க மனமில்லாட்டி பேசாமல் இருந்திருக்கலாமே! வருசப்பிறப்பண்டு செல்லாக் காசை அனுப்பி எங்களை நாசமாய்ப் போகச் சொல்லுறியளோ?"

உங்கள் மூச்சு மட்டும் கேட்டது. அது இழுத்து இழுத்து வந்ததை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

"நீ அதை வடிவாய்ப் பாத்தனியோ, தம்பி? பிரட்டிப் பிரட்டி நல்லாய்ப் பாத்தனியோ?"

"பாத்தன். பாத்தபடியால்தான் எடுத்தனான்."

"சரியடா. என்ரை பிழைதான். மனசில வைக்காதை."

நான் படாரென்று ரெலிபோனை வைத்தேன். உங்கள் குரலை நான் கேட்டது அதுதான் கடைசி.

அந்த மாதம் முடிவதற்குள் உங்களை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. "எடுத்துக் கதையுங்கோ" என்று பத்மா எத்தனை தரம் சொன்னாள்! "அவர் எடுக்கட்டும் பாப்பம்" என்றேன். கட்டிலில் கிடக்கிற மனுசன் எப்படியடா எடுப்பார் என்று என்னை நானே ஒருக்கால் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆனி மாதம் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன கிழமை சிவம் அண்ணை ஒரு கலியாணத்துக்கு ரொறன்ரோ வந்தவர், வீட்டுக்கும் வந்தார். லண்டனில் கடைசிவரை உங்களோடு ஒரே அறையில் இருந்தவர் என்று நல்ல தேத்தண்ணி போட்டுக் கொடுத்தோம். அவர் குடிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உன்ரை அண்ணை அனுப்பின பழைய தாளை வைச்சிருக்கிறியோ, எறிஞ்சுபோட்டியோ?"

"எங்கையோ கிடக்கு. ஏன்?"

"நீ பெற்றோல் ஸ்ரேசனில எடுத்த முதல் சம்பளத்தில ஒரு தாளுக்கு மஞ்சள் பூசி, கொண்ணையின்ரை காலில விழுந்து குடுத்தனியெல்லோ? அதுதானடா அது. முருகன் படத்துக்குப் பின்னால ஒன்பது வருசம் வைச்சிருந்தவர். பாண் வாங்கக் காசில்லாத நாளிலயும் தொடேல்லை."

"பிறகு ஏன் அண்ணை எனக்கு அனுப்பினவர்?"

"தனக்கு ஏலாமல் வருகுது எண்டு தெரிஞ்சிட்டுது. என்னட்டை இருக்கிறதுக்கை நல்ல காசு இதுதான், தம்பியிட்டைப் போகட்டும், கண்டவுடனை அவனுக்கு விளங்கும் எண்டவர்."

எனக்கு விளங்கவில்லை, அண்ணை. என் கையால் நான் பூசிய மஞ்சளை ஊத்தை என்று சொன்னேன்.

சிவம் அண்ணை அதோடு விடவில்லை. நான் ஏசிய அடுத்த நாளே நீங்கள் எழும்பி, கட்டிலுக்குக் கீழே போத்தலில் கிடந்த பழைய பெரிய பத்துப் பென்ஸ் நாணயக் குற்றிகளை எடுத்தீர்களாம். அதுவும் நிறுத்திய காசு, ஒரு கடையிலும் எடுக்கமாட்டார்கள். "நான் ஒரு தாள் தாறன், படுங்கோ" என்று இவர் சொல்ல, "கைவிசேஷத்துக்கு இரவல் காசு வைக்கேலாது" என்றீர்களாம். அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு, பஸ் தரிப்புகளில் இருந்து இருந்து மூச்சு வாங்கி, வங்கிக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தீர்களாம். அந்தப் புதுத் தாளை உறைக்குள் வைத்து என் விலாசமும் எழுதியாயிற்று. முத்திரை ஒட்டமுதல் அம்புலன்ஸ் வந்துவிட்டது. அந்த உறையைத்தான் சிவம் அண்ணை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அதைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த நாள் வீடு முழுக்கக் கிளறிப் பழைய தாளைக் கண்டுபிடித்து வங்கிக்குக் கொண்டுபோனேன். மாற்றுவதற்கு இல்லை. அது உண்மையிலேயே செல்லாத காசுதானா என்று எனக்குத் தெரியவேண்டும். கவுண்டரில் எங்கட தமிழ்ப் பிள்ளை ஒருத்தி நின்றாள்.

"இஞ்சை மாத்தேலாது அங்கிள். இது ஓல்ட் நோட். ஆனா லண்டன்ல இதை அடிச்ச பாங்குக்கு மெயில் பண்ணினா மாத்தித் தருவினம்."

"இத்தனை காலத்துக்குப் பிறகுமோ?"

"எப்ப அனுப்பினாலும் எடுப்பினம். அதுக்கு எக்ஸ்பயரி இல்லை."

"அப்ப இது செல்லாக் காசு இல்லையோ, பிள்ளை?"

"இல்லை அங்கிள்! கடையில மட்டும்தான் எடுக்காயினம். மூலையில என்ன, ஸ்ரெயினோ?"

"மஞ்சள்" என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்க, நான் அந்த இடத்திலேயே அழுதேன். அரை நிமிடத்தில் அந்தப் பிள்ளை சொன்ன பதிலை ஒரு வருடத்துக்கு முன் யாரிடமாவது கேட்டிருக்கக்கூடாதா? கேட்பதைவிட ஏசுவது எனக்குச் சுகமாக இருந்திருக்கிறது. வேலை போன ஆத்திரத்தைக் கொட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. திருப்பி ஏசாத ஆள் நீங்கள்தானே?

நேற்று பத்மாவை அருகில் இருத்திக்கொண்டு உறையைத் திறந்தேன். மடிப்புக் குலையாத புதுத் தாள். வெற்றிலை தூளாய் உதிர்ந்தது. ஒரு சின்னத் துண்டில் உங்கள் கையெழுத்து, கோணல்மாணலாய்:

"தம்பி, போனமுறை அனுப்பினது பிழைச்சுப் போச்சுது. கோவிக்காதை. இது செல்லும். நான் பாங்கில கேட்டுத்தான் வைக்கிறன்."

கேட்டு வைத்திருக்கிறீர்கள். நான் திரும்பவும் ஏசிவிடுவேன் என்று பயந்து கேட்டு வைத்திருக்கிறீர்கள். என்னைத் தூக்கி வளர்த்த உங்களை என்னிடம் பயப்பட வைத்துவிட்டேனே, அண்ணை! இதற்கு எங்கே போய் மன்னிப்புக் கேட்பேன்?

உங்கள் ஆண்டுத் திவசத்தன்று இந்தக் கடிதத்தை மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் நானே எழும்பி வாசிப்பேன். உங்களைப் பார்த்துச் சொன்ன சொற்களில் ஒன்றையும் விடமாட்டேன். முன்வரிசையில் சுகியை இருத்துவேன். அவளுடைய பெரியப்பா யார் என்று அவள் என் வாயாலேயே கேட்கட்டும். அப்பா யார் என்றும் கேட்கட்டும்.

வடிவாய்ப் பார்க்கத் தெரியாத,
உங்கள் தம்பி