பதினோராம் ஆண்டின் வெள்ளைப் பந்து

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே ஸ்னூக்கர் சங்கச் செயலாளர் போனில் பிடித்துக்கொண்டார். போட்டிக்கு இது முப்பதாவது ஆண்டு, சிறப்பு மலர் போடுகிறார்களாம், வரலாற்றை நான்தான் எழுத வேண்டுமாம். "இருபத்தி நாலு ஃபைனலுக்கு நீங்கதான் சார் நடுவர். உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றார். யாராவது புகழ்ந்தால் எனக்குத் தலைகால் புரியாது. சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பதினோராம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

"வேலை இல்லாம வீட்டையே சுத்திச் சுத்தி வந்தீங்க. வேலை வந்ததும் மூஞ்சி தொங்குது" என்றாள் மனைவி.

மார்ச் 5, வியாழன்

முதல் பத்து ஆண்டுகள் மளமளவென்று வந்துவிட்டன. முதல் ஆண்டு ஒரு மரக்கிடங்கில், இரண்டே மேசைகள். மழையில் கூரை ஒழுகி, அரையிறுதி முழுக்கக் குடை பிடித்து நின்றேன். எனக்கல்ல, மேசைக்கு. நான்காம் ஆண்டு பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் தோற்றவரிடம் கோப்பையை நீட்டிவிட்டார். அவரும் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டார். ஒன்பதாம் ஆண்டு தொலைக்காட்சி வந்தது. பார்க்க வருகிறவர்கள் தலை சீவிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள்.

பதினொன்று என்று எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குத் தாவிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

ஒன்றும் எழுதவில்லை. பென்சில் சீவினேன்.

மார்ச் 9, திங்கள்

இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

பதினோராம் ஆண்டு இறுதி ஆட்டத்தின் கடைசி ஃப்ரேம், தீர்மானிக்கும் சுற்று. மேசையில் பிங்க், கருப்பு, வெள்ளை மட்டும். அடிக்க வேண்டியவர் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தார். பிங்க்கையும் கருப்பையும் பாக்கெட்டில் போட்டால் கோப்பை அவருடையது. இரண்டும் அவருக்குக் கைவந்த அடிகள். வெள்ளையில் குச்சி முனையில் பூசும் சாக்குத் தூள் ஒட்டியிருக்கிறது, துடைத்துத் தாருங்கள் என்று கேட்டார். அது நடுவரின் வேலை. பந்து இருந்த இடம் மாறாமலிருக்க அதை ஒட்டிச் சின்னப் பிளாஸ்டிக் அடையாளத் துண்டை வைத்தேன், பந்தை எடுத்தேன், துடைத்தேன். திரும்ப வைக்கக் குனிந்தபோது என் கோட்டின் கை அந்தத் துண்டை உரசியது. துண்டு நகர்ந்தது. எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. எதிராளி நாற்காலியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நடுவர் பந்து துடைக்கும் நேரத்தில் கேமரா கூட்டத்தைத்தான் காட்டும்.

துண்டு நகர்ந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லி, இருவரையும் கூப்பிட்டு, அவர்கள் ஒத்துக்கொள்ளும் இடத்தில் பந்தை வைத்திருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் என் கை ஒருமுறைகூடப் பிசகியதில்லை என்று அந்த வாரம்தான் ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். அதை வெட்டி எடுத்துப் பர்ஸில் வைத்திருந்தேன். கண்ணளவில் பந்தை வைத்துவிட்டேன்.

குறி பார்க்கக் குனிந்தவர் நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். கருப்பின் ஓரம் இப்போது வழியை மறித்திருக்க வேண்டும். மெதுவாகக் கேட்டார்: "சார், பந்து இதே இடம்தானா?"

"இதே இடம்தான்" என்றேன்.

என்னை நம்பி, முதலில் பார்த்து வைத்த அதே கோட்டில் அடித்தார். வெள்ளை பிங்க்கைத் தொடுமுன் கருப்பை உரசியது. ஃபவுல். ஆட்டம் முடிந்தது. கை நடுங்கிவிட்டது என்று மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அன்றிலிருந்து அவர் பெயர் "உதறல்". அடுத்த ஆண்டே ஆடுவதை விட்டுவிட்டார். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டா? சிரித்துக்கொண்டுதான்.

மார்ச் 12, வியாழன்

அவர் இப்போது ஸ்னூக்கர் மேசைகளுக்குத் துணி மாற்றும் வேலை செய்கிறார். போட்டி மேசைகளுக்கும் அவர்தான். சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு அரங்குக்குப் போனேன். பச்சைத் துணியைச் சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்தபடி நின்றார். மலருக்காக வந்திருக்கிறேன் என்றதும் அவராகவே ஆரம்பித்தார்.

"கை நடுங்கலை சார். அது எனக்கு நல்லாத் தெரியும். கண்ணுதான் ஏமாத்திடுச்சு. பந்து நகர்ந்த மாதிரி தெரிஞ்சுது. நீங்க இதே இடம்னு சொன்னீங்க. நீங்க தப்பா சொல்ல மாட்டீங்க. அப்ப கோளாறு என் கண்ணுலதானே? மூணு டாக்டரைப் பார்த்தேன். கண்ணு நல்லா இருக்குன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஆனா அதுக்கப்புறம் எந்தக் கோட்டைப் பார்த்தாலும் சந்தேகம். சந்தேகத்தோட எப்படி சார் அடிக்கிறது?"

ஒரு கோப்பையைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இந்த மனுஷனோட கண்ணையே பிடுங்கியிருக்கேன். வாயைத் திறக்கலை. டீ வாங்கிக் கொடுத்தார் — அதையும் குடிச்சிட்டு வந்தேன். சீ, என்ன பிறவி நான்?

மார்ச் 13, வெள்ளி

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னைக்கு நானா ஆடினேன்?" என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். செயலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "போட்டியோட மானம் போயிடும் சார். ஜெயிச்சவரு என்ன நினைப்பாரு? 'பரபரப்பான இறுதி ஆட்டம்'னு ஒரு வரி போதுமே." அந்தப் பத்தி இல்லையென்றால் என் கட்டுரையே வேண்டாம் என்றேன். "அப்ப நானே எழுதிக்கிறேன்" என்றார். மலர் இனி அவர் பாடு.

பத்திரிகைக்குக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷமாகச் சொல்லாத விஷயத்தை அவர் பேப்பரில் படிக்கக் கூடாது.

மார்ச் 19, வியாழன்

சொன்னேன். துண்டு, கோட்டின் கை, பர்ஸில் இருந்த பத்திரிகைத் தாள், எல்லாம்.

மேசையின் ஓரத்தில் துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டார்: "எந்தப் பக்கம் சார் நகர்ந்துது?"

"வலது பக்கம். ஒரு நூல்தான்."

"வலது பக்கம்" என்றார். "எனக்கும் வலது பக்கமாத்தான் தெரிஞ்சுது."

அப்புறம், "நீங்க கிளம்புங்க சார். இன்னும் ரெண்டு மேசை பாக்கி இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 25, புதன்

கடிதம் விளையாட்டுப் பக்கத்தின் கீழ்மூலையில் வந்திருக்கிறது. பழைய நடுவர் ஒருவர் போன் செய்து, "இப்ப யாரு கேட்டாங்கன்னு இதைச் சொன்னீங்க?" என்றார். யாரும் கேட்கவில்லைதான். கேட்ட ஒருவரிடம் பொய் சொன்னேனே.

ஏப்ரல் 2, வியாழன்

செயலாளர் போனில் கத்தினார். கடிதத்தைப் பற்றிக் கால் மணி நேரம், அப்புறம், "மேசைக்குத் துணி மாத்துற அந்த ஃபிட்டர் வேற, வேலை முடிஞ்சும் போக மாட்டேங்கிறாரு. மூணு நாளா யாரோட குச்சியையோ வாங்கித் தனியா அடிச்சுக்கிட்டே இருக்காரு."

போய்ப் பார்த்தேன். கதவருகில் நின்றேன். அவர் மேசைமேல் குனிந்து குறி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, குச்சியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். நான் போவதற்காகக் காத்திருந்தார்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். படியிறங்கும்போது பந்து பாக்கெட்டில் விழும் சத்தம் கேட்டது.