மைக்குக்கு வேணாம்னு சொன்ன ஞாயிற்றுக்கிழமை

பிரேசர் டவுன், பெங்களூர்

அன்பு மகள் மலருக்கு அம்மா எழுதுவது. மாதா கிருபையில நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், அப்பாவோட முட்டி வலியும் எந்தக் குறையும் இல்லாம அப்படியே இருக்கு. டப்ளின்ல நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கிட்டு சுகமா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ போன் எடுக்கல, மெசேஜும் பார்க்கல. கோயில் பாட்டுக் குழுவுல பாடுற க்ளென் வியாழக்கிழமை உங்க ஊருக்கு ப்ளைட் ஏறுறான், அவன் கையில இதைக் கொடுத்து அனுப்புறேன். முழுசா படி, பாதியில மடிச்சு வைக்காதே.

நடந்தது இதுதான். மாடி வீட்டு சோஃபியா, வைட்ஃபீல்ட்ல வேலை பார்க்கிறாளே, அவ அன்னைக்குக் காலையில பூசை முடிஞ்சதும் எங்க மாதர் சங்கத்தை உட்கார வச்சு, போன்ல எந்த ஆப் நம்மகிட்ட என்னென்ன கேட்டு வாங்கியிருக்குன்னு பார்க்கச் சொல்லிக் கொடுத்தா. என் போனைத் திறந்தா, அடப்பாவி, அந்த டார்ச் லைட் ஆப் நான் வச்சிருக்கிற நம்பர் எல்லாத்தையும் பார்க்குது, நான் எங்க போறேன்னு பார்க்குது, மைக்கையும் கேட்டு வாங்கியிருக்கு. கரண்ட் போனா வெளிச்சம் காட்டுற கழுதைக்கு உங்க சித்தி நம்பர் எதுக்கு? அப்பா போன் இன்னும் மோசம், கேட்டதுக்கெல்லாம் அனுமதின்னு அழுத்தி வச்சிருக்காரு. ஏங்க இப்படின்னா, அவ்வளவு மரியாதையா கேட்கிறாங்க, முகத்துல அடிச்ச மாதிரி எப்படி வேணாம்னு சொல்றதுன்றாரு.

தேவையில்லாததை மட்டும் எடுங்க ஆன்ட்டின்னுதான் சோஃபியா சொன்னா. எனக்கு ஏறின கோபத்துல வீட்டுக்கு வந்து ரெண்டு போன்லயும் இருக்கிற அத்தனைக்கும் வேணாம் வேணாம்னு அழுத்தித் தள்ளிட்டேன். மத்தியானம் அப்பா அல்சூர் போக ஆட்டோ புக் பண்ணினாரு, நாம இருக்கிற இடம் அதுக்குத் தெரியாதே, வண்டி கோல்ஸ் பார்க் அந்தப் பக்கம் போய் நிக்குது. எல்லித்தீரா சார், எங்க இருக்கீங்கன்னு டிரைவர் கத்த, வீட்ல இருக்கேன்னு இவரு பெருமையா பதில் சொல்றாரு. அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்கணும்.

சாயங்காலம் நீ வீடியோ கால் பண்ணின. எடுத்த உடனே கேமரா வேணும், மைக் வேணும்னு அதுவும் கேட்டுச்சு. பாரு, அம்மாவும் மகளும் பேசுறதை ஒட்டுக் கேட்க வந்துடுச்சுன்னு ரெண்டுக்கும் வேணாம்னு அழுத்தினேன். நீ அழுதுக்கிட்டே, அபினவோட நிச்சயத்தை முறிச்சுட்டேன்னு சொன்ன. உன் போன் பாஸ்வேர்டு கேட்டானாம், எந்நேரமும் நீ எங்க இருக்கேன்னு அவன் போன்ல தெரியணும்னானாம், நீ முடியாதுன்னுட்டியாம். நான் பேசினேன்டி. தொண்டை வறளப் பேசினேன், அப்பாவும் பக்கத்துல நின்னு அவர் பங்குக்குப் பேசினாரு. நீ, "கோபமாம்மா? ஒரு வார்த்தை பேசும்மா"ன்ன. உனக்கு நெட்வொர்க் சரியில்லன்னு நினைச்சு நான் இன்னும் கத்தினேன், கீழ் வீட்டம்மா என்னமோ ஏதோன்னு படியேறி வந்துட்டாங்க. தெருவுக்கே கேட்டுச்சு, உனக்கு மட்டும் கேட்கல. நீ வச்சுட்ட.

நேத்துதான் சோஃபியா போனைப் பார்த்து, மைக்குக்கும் கேமராவுக்கும் நான் வேணாம்னு சொன்னதாலதான் உனக்கு ஒண்ணும் கேட்கல, தெரியலன்னு விஷயத்தைச் சொன்னா. விழுந்து விழுந்து சிரிச்சவ என் முகத்தைப் பார்த்து நிறுத்திட்டா. பெத்த பொண்ணு அழுறப்ப அம்மா இருட்டுல ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தான்னு நீ நினைச்சிருப்பியேன்னுதான் பேனாவை எடுத்தேன்.

அன்னைக்குப் பேசினதை இப்ப எழுதுறேன். நல்ல வேலை செஞ்சடி. ராபர்ட்சன்பேட்டையில கல்யாண மண்டபம் சொல்லியாச்சே, சொந்தக்காரங்க என்ன கேட்பாங்களோன்னு நீ ஒண்ணும் யோசிக்காதே, அவங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கு. உங்க அப்பா திங்கட்கிழமை அபினவ் அப்பாவுக்குத் தானே போன் போட்டு, இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேணாம்னு சொன்னாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. சொல்லிட்டு ஒரு சொம்பு தண்ணி குடிச்சாரு.

க்ளென்கிட்ட கல்கல் பலகாரம் கொடுத்திருக்கேன், டப்பாவுல ஒட்டின டேப் பிரிஞ்சிருந்தா அவனைச் சும்மா விடாதே. மாதா உன்னை ஒரு அடி கூடத் தனியா விடமாட்டா. கோபமான்னு கேட்டியே, உன்மேல எனக்குத் துளி கோபம் இல்ல. ஒரே ஒரு தடவை போனை எடு, அதை என் வாயால சொல்லிட்டு வச்சிடுறேன்.

உன் அம்மா,
ஆரோக்கியமேரி தாஸ்