என்ஜின் ஓடிக்கொண்டிருந்த அன்று

மரக்காணம்
12.6.2005

அன்புள்ள மகன் பலராமனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பு அலுப்பைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் சரண்யாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று திரௌபதியம்மனைக் கும்பிட்டபடி இருக்கிறேன். கடல் பொங்கிச் சேறு அடைத்த பாத்திகளில் இப்போதுதான் திரும்ப உப்பு இறங்குகிறது, இருட்டோடு போய் வெயில் ஏறும்வரை வாருகிறோம், கால் வெடிப்பெல்லாம் எரிகிறது, பேனா பிடிக்கக் கை வரவில்லை, ஆனாலும் இதைத் தள்ளிப்போட முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது பூத்தில் ஆம்பளைகள் நின்றிருந்தார்கள், அவர்களை வைத்துக்கொண்டு பிரசவப் பேச்சு எப்படிப் பேசுவது, வெறுமனே உம் கொட்டிவிட்டு வந்துவிட்டேன். சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் வலி குறைய மூச்சில் இழுக்கிற கேஸ், தொடையில் ஊசி, முதுகில் ஊசி என்று சொல்லி எது வேண்டும் என்று கேட்டார்களாம், சரண்யா முதுகு ஊசி கேட்டாளாம், நீ "எங்கம்மா சத்தமே போடாம என்னப் பெத்தாங்க, உனக்கு மட்டும் என்னா" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டாயாம். அதைப் பெருமையாக வேறு என்னிடம் சொல்கிறாய், பின்னால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டதடா.

உள்ளதைச் சொல்கிறேன் கேள். நான் கத்தினேன். நீ பிறந்த அன்று பாத்திக்கு உவர்த்தண்ணீர் இறைக்கிற ஆயில் என்ஜின் நம் கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது, அப்பாதான் அதை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் போட்ட கூப்பாடு எனக்கே கேட்கவில்லை. மருத்துவச்சி பொன்னம்மாள் வந்து சேர்வதற்குள் நீ பிறந்துவிட்டாய், நான் தொண்டை வற்றிப்போய்ச் சும்மா கிடந்தேன், அவள் அதைப் பார்த்துவிட்டு "சத்தமே போடாம பெத்துட்டாடி மகராசி" என்று ஊரெல்லாம் சொன்னாள். மாமியார் வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர் அது, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை, நானும் விட்டுவிட்டேன். அதைக் கொண்டுபோய் நீ அவள் தலையில் வைப்பாய் என்று நான் கண்டேனா.

முதுகில் ஊசி போட்டால் காலமெல்லாம் இடுப்பு வலிக்கும் என்று பக்கத்து வீட்டு ஆராயி சொல்கிறாள். ஒரு ஊசியும் போடாமலே எனக்கு இத்தனை வருஷமாக வலிக்கிறது. நல்லது கெட்டதை டாக்டரம்மாவிடம் கேளுங்கள், என்னிடமும் ஆராயியிடமும் கேட்காதீர்கள். கேட்டுவிட்டு எது வேண்டும் என்று சரண்யா சொல்லட்டும். வலி அவளுக்கு, நீ குறுக்கே நிற்காதே.

நேற்று சாப்பிடும்போது, நீ பிறந்த அன்று நான் கத்தியதை அப்பாவிடம் சொன்னேன். "ஒரு கொரல் குடுத்திருந்தா என்ஜின நிறுத்திட்டு ஓடியாந்திருப்பேனே" என்றார். "குடுத்தேங்க, உங்க பேரச் சொல்லியே கூப்ட்டேன்" என்றேன். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் பேரை நான் சொன்னது அன்று ஒருநாள்தான்.

சரண்யாவைச் சூடாகச் சாப்பிடச் சொல், மாடிப்படியில் கையைப் பிடித்துக் கூட்டிப்போ. இந்தக் கடிதத்தை நீ படித்துக் காட்டாதே, அவள் கையிலேயே கொடு. தாயும் பிள்ளையும் ரெண்டு உசிராய்ப் பிரிந்து நல்லபடியாக வீடு வந்து சேர அம்மன் துணையிருப்பாள். ஷிப்ட் முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று போனில் சொன்னாயே, அதற்கு அப்பா ஒரு வரி எழுதச் சொன்னார். "அன்னைக்கு அவன வேலைக்குப் போவ வேணாம்னு எழுது, அவ கூப்ட்டா கேக்குற தூரத்துல நிக்கச் சொல்லு."

இப்படிக்கு
உன் அம்மா
க. விருத்தாம்பாள்