தூரத்துச் சொந்தம்

பதுளை, 1957 மார்ச் 8, வெள்ளி

இன்று அண்ணன் மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி என்னைப் படிக்க வைத்தவர். நனைந்த கம்பளியோடு வகுப்பு வாசலில் நின்றார். பக்கத்தில் யாழ்ப்பாணத்து மாஸ்டர் இருந்தார்.

"ஆர் இவர்? கிட்டின சொந்தமோ?" என்று கேட்டார்.

"இல்லை, தூரத்துச் சொந்தம்" என்று சொல்லிவிட்டேன். வாய் ஏன் அப்படிச் சொன்னதோ தெரியவில்லை.

அண்ணன் காதில் விழுந்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"ஆமாங்க, ரொம்ப தூரம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எங்கம்மாவுக்கு ரொம்ப முடியலைங்க சார். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

எனக்கும் அவள்தானே அம்மா. யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோலத் தலையாட்டினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். அம்மாவிடம் எதையாவது சொல்லிக்கொள்ளலாம். எங்கள் லயத்து வீட்டு வாசலில் அண்ணன் நின்று "வாங்க சார்" என்று கூப்பிட்டால், அவரிடம் என்ன சொல்வேன்?